யோகம் டீச்சர் வாசித்த பதினைந்து சொற்கள்

பெயர்: யோகம் விசுவலிங்கம். பிறந்த நாள்: 14 மார்ச் 1950. பிறந்த இடம்: லாபிஸ், ஜொகூர். தந்தை ரயில் நிலைய எழுத்தர். பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்தவர். 1971 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை மூன்று தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியை. 1975இல் நில அளவையாளர் விசுவலிங்கத்தை மணந்தார். ஒரே மகன் பிரேமகுமார், பிறப்பு 1978. சிங்கப்பூரில் பொறியாளர், வீடு எல்லைக்கு இப்பால் ஜொகூரின் ஸ்கூடாயில். மருமகள் ஷாந்தினி.

2014 செப்டம்பரிலிருந்து 2016 டிசம்பர் வரை யோகம் ஒரு பகுதிநேர வேலை பார்த்தார். அது ஏதோ ஆராய்ச்சி என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. பணியில் இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வுக்கு வேறு பள்ளிகளில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். முத்திரையிட்ட கேள்வித்தாள் பொட்டலத்தைக் கையில் வாங்கிய நாள் முதல் வீட்டில் பாடம் பற்றிய பேச்சையே எடுக்க மாட்டார். 1990இல் பிரேமகுமார் அத்தேர்வை எழுதியபோது மேற்பார்வைப் பணியே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாதம் முழுவதும் மகனின் புத்தகங்களைத் தொடாமல் இருந்தார். அதனால், யோகத்திடம் ஒரு செய்தியைச் சொல்வதும் கிணற்றில் கல்லைப் போடுவதும் ஒன்று என்று விசுவலிங்கம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வேலை கொடுத்தவர் வாசுகி. சாஆவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்போது ஸ்கூடாயில் தங்கி உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது. தமிழ் மட்டுமே நன்றாகத் தெரிந்த ஒரு முதியவருக்கு மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க, அவர் அறிந்தவரை ஜொகூரில் தமிழில் ஒரு சோதனை இல்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டார்கள். அல்லது பக்கத்தில் நின்ற தாதி அந்த நேரத்தில் தனக்குத் தோன்றியபடி மொழிபெயர்த்தார். ஒருவருக்கு எளிய சொற்கள் அமைந்தன, இன்னொருவருக்குக் கடினமானவை. கிடைத்த மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லை. ஒப்பிட முடியாத எண்ணால் அறிவியலுக்குப் பயனில்லை.

இந்த அறிவியலின் பின்னணியைச் சுருக்கமாகத் தர வேண்டும். மனத்தைப் பற்றிய விசாரணை நெடுங்காலம் தத்துவத்தின் பகுதியாகவே இருந்தது. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அதற்கென ஓர் ஆய்வகம் அமைந்ததை உளவியல் தனி அறிவியலான ஆண்டாகப் பொதுவாகக் குறிப்பிடுவர். ஏறத்தாழ அதே காலத்தில் அந்நாட்டு அறிஞர் ஒருவர் நினைவை அளந்து பார்க்க விரும்பினார். பொருளற்ற அசைகளைப் பட்டியல்களாகக் கோத்தார். சீரான தாளத்துக்கு அவற்றை வாய்விட்டு மனனம் செய்தார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்தது என்று கணக்கிட்டார். 1885இல் முடிவுகள் வெளிவந்தன. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஒருமுறை நன்கு படித்தது முற்றாக மறந்ததுபோலத் தோன்றினாலும் அதை மறுபடி படிக்கக் குறைந்த நேரமே ஆகிறது. அந்த ஆய்வில் பட்டியலைச் செய்தவரும், படித்தவரும், மறந்தவரும் ஒருவரே. பின்வந்தவர்கள் அதைக் குறையாகக் கண்டார்கள். சோதிப்பவர் வேறு, சோதிக்கப்படுபவர் வேறு என்று பிரித்தார்கள். பெருந்தொகை மக்களைச் சோதித்து வயதுவாரியாகச் சராசரி கண்டார்கள். பதினைந்து சொற்களைச் சீராக வாசித்துக்காட்டித் திருப்பிச் சொல்லக் கேட்கும் முறை அவ்வழியில் வந்தது. ஐந்து முறை வாசிப்பார்கள். அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு ஆறாவது முறை வாசிக்காமலே கேட்பார்கள். புதிதாகக் கேட்டது மனத்தில் தங்குகிறதா என்பதை அந்தக் கடைசி எண் காட்டும்.

வாசுகி இதையெல்லாம் லாபிஸிலிருந்து சாஆவுக்குப் போகும் வழியில் காரில் சொல்லிக்கொண்டு வருவார். அசைகளை மனனம் செய்த ஜெர்மானியர் மேல் யோகத்துக்கு ஒரு பரிவு ஏற்பட்டது.

“பாவம், அவருக்குப் பிள்ளைங்க யாரும் கெடைக்கலையா? தானே வாத்தியார், தானே மாணவன்.”

முதல் ஆறு மாதம் சொற்களைத் தேர்வதில் கழிந்தது. இருவரும் நாற்பது சொற்களோடு தொடங்கினார்கள். நாற்காலிக்கு ‘கதிரை’ என்பது யோகம் வீட்டுச் சொல். தோட்டத்து முதியவர்களுக்குப் புரியவில்லை. கிண்ணத்தைக் குறிக்கும் ‘மங்கு’ தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. யோகத்தின் உறவினர் இருவர் அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். இரண்டும் நீக்கப்பட்டன. மலாய்ச் சொற்கள் நீக்கப்பட்டன. கோயிலை நினைவூட்டும் சொற்களைக் கிறிஸ்தவர்களுக்காக நீக்கினார்கள். எஞ்சிய பதினைந்தும் எவை என்பது இங்கே தரப்படவில்லை; அவை இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஒப்பீட்டுக்காக இரண்டாவது பட்டியல் ஒன்றும் செய்ய எண்ணியிருந்தார்கள். ஆய்வுக்காலம் முடிந்துபோனதால் அது நடக்கவில்லை.

பிறகு சராசரி காணும் வேலை. லாபிஸ், சாஆ, ஸ்கூடாய் ஆகிய ஊர்களில் ஐம்பத்தைந்து வயது கடந்த 212 பேரை யோகம் நேரில் சென்று சோதித்தார். வாசிப்பது ஒருவராகவே இருக்க வேண்டும், வேகம் மாறக்கூடாது என்பது விதி: வினாடிக்கு ஒரு சொல், ஏற்ற இறக்கமின்றி. முப்பத்தைந்து ஆண்டு சொல்வதெழுதுதல் நடத்திய குரல் அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஐந்து முறை. ஆக, அந்தப் பதினைந்து சொற்களை அதே வரிசையில் அவர் ஆயிரம் முறைக்கு மேல் உரக்கச் சொல்லியிருக்கிறார்.

சாஆவில் செல்லப்பன் என்ற முன்னாள் தோட்டத் தொழிலாளி சோதனைக்கு உட்காரவே மறுத்தார். “எதுக்கு டீச்சர், மண்டைக்குள்ள என்னா இருக்குன்னு பாக்கவா? மண்ணுதான் லா இருக்கு.” ஒருவழியாக உட்கார்ந்தவர் மூன்றாம் முறை கேட்டதும் முகத்தைச் சுளித்தார். “பதினஞ்சு சொல்லு சொல்றீங்க, நடுவுல ஒரு தே தண்ணியாச்சும் வருதா பாருங்க.”

வாசுகி முதல் நாளே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். சொற்கள் வெளியே போகக்கூடாது. கணவரிடமோ மகனிடமோகூடச் சொல்லக்கூடாது. ஒருவர் அவற்றை முன்பே கேட்டிருந்தால் அவருக்கு அந்தச் சோதனை பயன்படாது. கேள்வித்தாள் விஷயத்தில் தனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று யோகம் பதில் சொன்னாராம். வேலை முடிந்ததும் தன்னிடமிருந்த தாள்கள் அனைத்தையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட சோதனைத் தாளில் தயாரித்தவர்களின் பெயர் இல்லை. அப்படிப் போடும் வழக்கமும் இல்லை.

2017 நவம்பரில் விசுவலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு போயிற்று. நீரிழிவு முன்பே இருந்தது; காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. யோகம் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து ஊசி போடக் கற்றுக்கொண்டார். அதன்பின் ஆறாண்டுக்காலம் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது என எல்லாம் அவர் கையால் நடந்தது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா காலையும் மாலையும் வந்து தூக்கிவிட உதவுவார். விசுவலிங்கம் ஊசியைக் கண்டாலே இடக்கையை உயர்த்தித் தடுப்பார். அதைப் பார்த்து, முதல் வகுப்புப் பையன்கூட இவ்வளவு அடம் பிடிக்க மாட்டான் என்று யோகம் கண்டித்துக்கொண்டே போட்டுவிடுவார். அது அன்றாடம் நடப்பது.

யோகத்திடம் வந்த மாற்றத்தை முதலில் கவனித்தவர் ஷாந்தினி. 2022 தீபாவளிக்கு வந்தபோது சோற்றுக் கலத்தில் அரிசி இல்லாமல் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. சொன்ன கதையையே அரை மணி நேரத்தில் மறுபடி சொன்னார். அடுத்த வருகையில் குளிர்பெட்டியில் இன்சுலினுக்குப் பக்கத்தில் வீட்டுச் சாவி இருந்தது. ஷாந்தினி கணவரிடம் தெளிவாகவே சொன்னார்: மாமிக்கு ஏதோ இருக்கிறது, ஊசி போடும் பொறுப்பை இனி அவரிடம் விடக்கூடாது, மாமாவை ஸ்கூடாயில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம். பிரேமகுமார் ஓர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்தார். பிறகு தாயிடம் பேச்செடுத்தார்.

யோகம் கோபப்படவில்லை. “அவர் வேற ஆள் கையால சாப்பிட மாட்டார் பா. அங்க கொண்டு போனா ஒரு மாசம் தாங்க மாட்டார். எனக்கு மறதின்னா டாக்டர் சொல்லட்டும். டாக்டர் சொன்னா நானே அனுப்பி வெக்கிறேன்.”

இந்த உடன்பாட்டோடு 2023 ஜூன் 20ஆம் நாள் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். எதைப் பொறுத்து என்ன முடிவாகும் என்பதை மூவரும் அறிந்திருந்தார்கள்.

சோதித்தவர் லோஷினி என்ற இளம் உளவியலாளர். தேதி கேட்டபோது யோகம் மூன்று நாள் பிந்திச் சொன்னார். வரையச் சொன்ன கடிகாரத்தில் முட்கள் சற்று இடம் மாறியிருந்தன. எழுபத்து மூன்று வயதுக்கு அவை பெரிய குறைகளாகக் கொள்ளப்படவில்லை. பிறகு லோஷினி, தமிழில் ஒரு சோதனை இருக்கிறது என்று சொல்லி, பதினைந்து சொற்களை வாசிக்கத் தொடங்கினார். நான்காவது சொல்லில் யோகம் குறுக்கிட்டார்.

“கொஞ்சம் மெதுவா, பிள்ளை. ஒரு வினாடிக்கு ஒரு சொல்லு.”

லோஷினி சிரித்துவிட்டார். டீச்சரா இருந்தவங்களாச்சே என்றார். முதல் முறையிலேயே யோகம் பதின்மூன்று சொற்களை வரிசை மாறாமல் சொன்னார். ஐந்தாம் முறை பதினைந்து. அரை மணி நேரத்துக்குப் பின் பதினான்கு. அவர் வயதினரின் சராசரி ஏழு. அந்தச் சராசரியைக் கண்டறிந்ததும் யோகம்தான்; அது லோஷினிக்குத் தெரியாது. என்னைச் சோதித்தால்கூடப் பதினான்கு வராது ஆன்ட்டி என்று அவர் வியந்தார். நினைவாற்றலில் குறைபாடு இல்லை, நோயாளியைப் பராமரிப்பதால் வந்த அயர்ச்சியே தடுமாற்றங்களுக்குக் காரணமாகலாம், ஓராண்டுக்குப் பின் மறுபடி வரலாம் என்று மருத்துவர் எழுதினார்.

திரும்பும் வழியில் பிரேமகுமார் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஷாந்தினி மட்டும், அரிசி போடாமல் சோறு வைத்ததை எந்தச் சோதனையில் சேர்ப்பது என்று கேட்டார். அறிவியல் சொல்வதை நம்பாமல் உன் கண் சொல்வதை நம்பவா என்று பிரேமகுமார் திருப்பிக் கேட்டார். பின்னிருக்கையில் இருந்த யோகம் கண்களை மூடியிருந்தார். அவர் உறங்கிவிட்டதாக இருவரும் நினைத்தார்கள்.

எட்டு மாதம் கழிந்தது. 2024 பிப்ரவரி 15, வியாழக்கிழமை. பிரேமகுமார் நாள்தோறும் மாலை ஆறரைக்குச் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பேருந்தில் இருந்தபடி தாயை அழைப்பார். அன்றும் அழைத்தார். அப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று, இனி கஞ்சி கொடுக்க வேண்டும் என்று யோகம் சொன்னார். ஏழேகாலுக்குக் கிருஷ்ணம்மா வந்தார். அப்போது யோகம் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். விசுவலிங்கம் இடக்கையை உயர்த்தினார். யோகம் வழக்கம்போல் கண்டித்தார். அவர் மறுபடி உயர்த்தினார். அன்று கையை இறக்கவே இல்லை. கிருஷ்ணம்மாதான் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே வைத்தார். கஞ்சியில் பாதி மீந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவரை எழுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இறந்தார். வயது எழுபத்தேழு. வயதும் நோயும் எல்லாரும் அறிந்தவை. எவரும் வேறு காரணம் கேட்கவில்லை. சடங்குக்கு முன் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கிருஷ்ணம்மா பிரேமகுமாரிடம் அழுதுகொண்டே சொன்னார்:

“ஐயா அன்னிக்கு ஊசி வேணவே வேணாம்னு கைய தூக்கிக்கிட்டே இருந்தாரு தம்பி. நான்தான் புடிச்சு வெச்சேன். ஏழே கால் மணிக்குக்கூட நல்லாத்தான் இருந்தாரு.”

ஆறரை மணிக்குத் தாய் சொன்னது பிரேமகுமாருக்கு மட்டுமே தெரியும். அவர் கிருஷ்ணம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மனைவியிடம் அன்றிரவே சொன்னார். ஷாந்தினி விடியும்வரை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பிரேமகுமாரை வாட்டியது ஒரே கேள்வி: பதினான்கு எடுத்த அம்மா, போட்ட ஊசியை மறந்து மறுபடி எப்படிப் போட்டார்? மருத்துவர் சொன்னதைக் கேட்டுத்தானே விட்டோம்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வாசுகி வந்தார். அப்போது ஸ்கூடாயில் விரிவுரையாளர். யோகம் டீச்சரின் கணவர் இறந்த செய்தி அவருக்குத் தாமதமாகவே தெரியவந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் பிரேமகுமார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உளவியல் படித்தவர் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட நினைத்தார். ஊசி விஷயத்தைச் சொல்லவில்லை. போன ஜூனில் அம்மாவுக்குச் சோதனை செய்தோம், பதினைந்தில் பதினான்கு, ஆனாலும் இப்படி இருக்கிறாரே என்று மட்டும் சொன்னார்.

வாசுகி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். “தமிழ்லயா செஞ்சாங்க?”

“தமிழ்லதான். சொல்லு சொல்லிட்டுத் திருப்பிக் கேப்பாங்களே, அது.”

“அண்ணே, தமிழ்ல அந்த மாதிரி ஜொகூர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அத செஞ்சது நானும் உங்க அம்மாவும்.”

பிரேமகுமார் இலையை மடித்தார். பிறகு எழுந்து கைகழுவாமலே தாய் இருந்த அறைக்குப் போனார். வாசுகி பின்னால் போனார். யோகம் கட்டிலில் உட்கார்ந்து, வந்தவர்கள் கொண்டுவந்த பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசுகியை உடனே அடையாளம் கண்டார். சாஆவில் அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். வாசுகி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனையில் வாசித்தது நம் பட்டியல்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் யோகம்.

“ஏன் டீச்சர் சொல்லல?”

“வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, வாசுகி.”

“டாக்டர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே மா,” என்றார் பிரேமகுமார்.

யோகம் மகனை நிமிர்ந்து பார்த்தார். “பரீட்சை வெக்கிறது அவங்க. அவங்களுக்குத் தெரியாதா?” பிறகு, கூடையைப் பார்த்தபடியே சொன்னார்: “நல்லா வந்தா அப்பா வீட்டுலயே இருப்பாருன்னு சொன்னீங்க.”

இந்த விடைகளில் எது காரணம் என்று வாசுகியால் தீர்மானிக்க முடியவில்லை. அன்று யோகத்துக்குத் தன் நோய் எந்த அளவுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் இனி அளக்க வழியில்லை. ஆயிரம் முறை வாய்விட்டுச் சொன்னது மிக ஆழத்தில் போய்த் தங்கியிருக்கும். நேற்று நடந்தது தங்காமல் போன பிறகும் அது எஞ்சும். பழைய பட்டியலால் யோகத்தின் நினைவை எவராலும் அளந்திருக்க முடியாது. இதை வாசுகி பிரேமகுமாருக்கு வாசலில் நின்று விளக்கினார். அப்போதுதான் பிரேமகுமார் ஊசியைப் பற்றிச் சொன்னார். வாசுகி காரின் கதவைத் திறந்துவிட்டு நெடுநேரம் ஏறாமல் நின்றார்.

யோகம் ஸ்கூடாய்க்கு மகன் வீட்டுக்கு மாற்றப்பட்டார். மாலை ஆறரை மணி நெருங்கினால் எழுந்து குளிர்பெட்டியைத் திறப்பார். அவருக்கு ஊசி போட்டாயிற்றா என்று ஷாந்தினியிடம் கேட்பார். ஷாந்தினி தொடக்கத்தில் உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு மாலையும் யோகம் அதை முதன்முறை கேட்பதுபோலக் கேட்டு அழுதார். பிறகு ஷாந்தினி, போட்டாயிற்று மாமி என்று சொல்லத் தொடங்கினார்.

வாசுகி ஏப்ரலில் இரண்டாவது பட்டியலைச் செய்து முடித்தார். தேர்ந்தெடுக்க இம்முறை துணைக்கு ஆள் இல்லை. சராசரி காண அவகாசம் இல்லை. ஆகவே அதில் கிடைக்கும் எண்ணை ஒப்பிட வேறு எண் கிடையாது. 2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை காலை, பிரேமகுமார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாசுகி வாசிக்க, யோகம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வினாடிக்கு ஒரு சொல்.

முதல் முறை: மூன்று. இரண்டாம் முறை: நான்கு. மூன்றாம் முறை: மூன்று. நான்காம் முறை: நான்கு. ஐந்தாம் முறை: நான்கு.

அரை மணி நேரத்துக்குப் பின்: சுழியம்.